பழைய நிழற்படமும் நகரின் வரலாறும்

1839 ஆம் ஆண்டிற் பாரிசு மாநகரில் உலகறிய வெளிப்படுத்தப்பட்ட நிழற்படக்கலை, அந்நூற்றாண்டு முடியுமுன்னரே இலங்கையிலும் வேரூன்றிற்று. ஓவியன் வேண்டியவற்றைத் தீட்டி வேண்டாதவற்றை விலக்குவான். நிழற்படக் கருவியோ தன்முன் நிற்பன யாவற்றையும் ஒருங்கே பதித்துக்கொள்ளும். ஆதலாற் பழமையும் புதுமையும் அருகருகே வாழ்ந்தமைக்கு அது சிறந்த சான்றாகின்றது.

1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905 இல் அப்பாதை கொழும்போடு இணைந்தது. எனினும் ஊர்களுக்குள்ளே மாட்டு வண்டியின் ஆட்சி நெடுங்காலம் நீங்கவில்லை. எனவே, படத்தில் எருதைக் கண்டவுடன் அதனை மிகப் பழையதெனத் துணிதல் பிழையாகும். ஒரு படத்தின் காலத்தைக் காட்டுவது அதிலுள்ள மிகப் புதிய பொருளேயாம்.

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்தமையின் நினைவாக, 1882 இல் எழுப்பப்பட்டது. அக்கோபுரம் தோன்றும் படம் அதற்கு முற்பட்டதாதல் இயலாது. இங்ஙனம் ஒரு கட்டடத்தின் தோற்றம் படத்தின் காலத்திற்கு மேலெல்லையை வகுக்கும். அதன் அழிவு கீழெல்லையை வகுக்கும். கோட்டையினுள்ளே ஒல்லாந்தர் 1706 இற் கட்டிய தேவாலயம், 1990 இல் நிகழ்ந்த போரிற் சிதைந்தது. அதனை முழுமையாகக் காட்டும் படம் அவ்வழிவுக்கு முற்பட்டதென்பது தெளிவு. இன்று அதன் முழு வடிவைக் காண விழைவோர்க்குப் படங்களே துணையாவன.

1959 இல் திறக்கப்பெற்ற பொதுசன நூலகம், 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. பின்னர் அக்கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்தது. எரிவதற்கு முன் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றேபோலத் தோன்றும். அவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த இழப்பை எந்தப் படமும் தானாகச் சொல்லாது. எந்த ஆண்டிற்குரியது என்னும் குறிப்பு இருந்தாலன்றிப் படம் ஊமையே.

1995 இன் பேரிடப்பெயர்வின்போது இல்லங்களை விட்டகன்ற மக்கள், தம் படத்தொகுதிகளையும் இழந்தனர். எஞ்சியவற்றுட் பலவற்றில் ஊரும் ஆண்டும் எழுதப்படவில்லை. அவற்றிலுள்ள முகங்களையும் தெருக்களையும் இனங்காணவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் அருகிருந்து கேட்டு, பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மெல்லெழுத்தாகக் குறித்து வைத்தல் எவர்க்கும் எளிது. வருங்கால வரலாற்றாசிரியனுக்கு அச்சிறு வரி ஒரு கல்வெட்டாக உதவும்.