சேவற் கொண்டையும் லீடிக் உயிரணுக்களும்

நாட்டுப்புறத்தில் வளர்ந்த மாணவர்களுக்குக் காயடித்தல் என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. முட்டித் திரியும் இளங்காளையைக் காயடித்துவிட்டால், அது ஏருக்கும் வண்டிக்கும் அடங்கிய எருதாகிவிடுகிறது. இனப்பெருக்கத்திற்கென அமைந்த ஓர் உறுப்பை நீக்கினால் திமிலும் கழுத்தும் குணமும் ஏன் மாற வேண்டும்? உழவர் தொன்றுதொட்டுக் கண்டுவந்த இவ்வுண்மைக்குக் காரணம் காண அறிவியல் 19-ஆம் நூற்றாண்டு வரையில் காத்திருந்தது.

இத்தகைய பொருளை வானொலியிற் பேசலாமா என்று தயங்குவோர் உண்டு. யானும் தயங்கியவனே. வகுப்பில் இப்பாடம் வரும்போதெல்லாம், ‘இதை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஏட்டைப் புரட்டிய ஆசிரியர்களுள் யானும் ஒருவன். அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் இன்று தீர்க்க எண்ணுகிறேன்.

ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் பேராசிரியராயிருந்த பெர்த்தோல்டு என்பவர் 1849-ஆம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஆறு இளஞ்சேவல்களே அவருடைய ஆய்வுப் பொருள்கள். சிலவற்றின் விந்தகங்களை, அஃதாவது விரைகளை, முற்றும் நீக்கினார். அவற்றின் கொண்டை வெளிறிச் சிறுத்தது. கூவலும் சண்டையும் ஒழிந்தன. மற்றவற்றில் ஒரு விந்தகத்தை எடுத்து வயிற்றுக்குள் வேறோரிடத்தில் வைத்தார். சிலவற்றில் அயற்சேவலின் விந்தகத்தையே வைத்தார். இவையோ கொண்டை சிவந்து, கூவி, பெடைகளைத் துரத்தி, சேவலுக்குரிய இயல்பெல்லாம் குன்றாமல் வளர்ந்தன. பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விந்தகத்திற்குப் பழைய நரம்புத் தொடர்பு ஏதும் இல்லை. புதிய இரத்தக் குழாய்கள் மட்டுமே படர்ந்திருந்தன. ஆகவே விந்தகத்திலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியாகக் கொண்டைக்குச் செல்கிறது என்பது பெறப்பட்டது. ‘ஹார்மோன்’ என்னும் சொல்லே பிறவாத காலம் அது.

அடுத்த ஆண்டு, 1850-இல், வூர்ட்ஸ்பர்க் நகரில் பிரான்ஸ் லீடிக் என்னும் இளம் அறிஞர் பாலூட்டிகளின் விந்தகங்களை நுண்பெருக்கியில் ஆராய்ந்தார். விந்தணு உண்டாகும் நுண்குழல்களுக்கு இடையே, கொழுப்புத் துளிகள் நிறைந்த ஒருவகை உயிரணுக்கள் கொத்துக் கொத்தாய் இருப்பதை விவரித்தார். அவை எதற்கென்று அவரால் கூற இயலவில்லை. ஒரே நாட்டில், ஓராண்டு இடைவெளியில், வினாவும் விடையும் வெளியாகிவிட்டன. எனினும் ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பார்ப்பதற்கு அரை நூற்றாண்டு கழிந்தது!

இடையில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1889-இல் பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் பிரவுன்-செக்கார்டு, தம் 72-ஆம் வயதில், விலங்கு விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசியாற் செலுத்திக்கொண்டு, இளமை மீண்டதென அறிவித்தார். நீரில் வடித்த சாற்றில் அந்த ஹார்மோன் இறங்குவதே அரிது. மீண்டது நம்பிக்கை மட்டுமே போலும்.

பிரான்சு நாட்டு நான்சி நகரில் பூவென், ஆன்செல் என்ற இருவரே 1903-இல் முடிச்சை அவிழ்த்தனர். விந்தகம் கீழிறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்ட விலங்குகளில் நுண்குழல்கள் நலிந்து விந்தணு இல்லாதொழிகிறது. ஆண் தோற்றமோ குறைவதில்லை. லீடிக் உயிரணுக்களும் செழித்தே இருக்கின்றன. எனவே ஆண் தன்மையை ஆக்குபவை இவ்வுயிரணுக்களே என்றனர். விந்தணு உடற்சூட்டைப் பொறுக்காது. ஆண் குழந்தைக்கு விந்தகம் இறங்கவில்லையெனில் ஒன்றரை வயதிற்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கு இஃதும் ஒரு காரணம்.

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லக்கூர் குழுவினர் ஏறத்தாழ 100 கிலோ காளை விந்தகங்களிலிருந்து 10 மில்லிகிராம் ஹார்மோனைப் பிரித்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் பூட்டெனன்ட், ருசீக்கா ஆகியோர் அதனைக் கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாக ஆக்கிக் காட்டினர். லீடிக் கண்ட கொழுப்புத் துளிகள் மூலப்பொருட் கிடங்கு என்பதும் பின்னர் விளங்கிற்று.

இனி, இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். ஏரி மதகின் காவலன் ஒருவன் வாய்க்காலின் கடைக்கோடியில் நீர் அளவைப் பார்த்தே மதகைத் திறப்பதும் மூடுவதும் செய்கிறான் என்று கொள்ளுங்கள். எவனோ கடைக்கோடியில் வேற்று நீரைக் கொட்டினால், ‘நீர் மிகுந்துவிட்டது’ என்று அவன் மதகை அடைத்துவிடுவான். கடைக்கோடி நிரம்பி வழியும்; மதகடி வயல் காயும். நம் மூளையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும் அத்தகைய காவலர்கள். பிட்யூட்டரி விடுக்கும் லூட்டினைசிங் ஹார்மோனே லீடிக் உயிரணுக்களை ஏவுகிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் அவ்வேவல் நின்றுவிடும். விந்தணு வளர்வதற்கோ, இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் பல மடங்கு ஹார்மோன் விந்தகத்திற்குள்ளேயே ஊற வேண்டும். ஊசியாற் செலுத்துவது தோளைத் திரட்டும். மதகடி வயலை உலர்த்திவிடும். உலக நலவாழ்வு நிறுவனம் வாரந்தோறும் 200 மில்லிகிராம் வீதம் இதே ஹார்மோனைக் கருத்தடை முறையாகவே ஆராய்ந்து 1990-இல் முடிவை வெளியிட்டது. ஊசி பெற்ற ஆடவருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஆறு மாதங்களில் விந்தணு அறவே மறைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். மணமாகி மூன்றாண்டுகள், மகப்பேறில்லை. சோதனைகள் எல்லாம் மனைவிக்கே நடந்தன. ஊராரின் ஏச்சும் அவ்வம்மைக்கே. இறுதியில் ஒரு மருத்துவர் இவரையும் சோதித்தார். விந்தணு ஒன்றும் இல்லை. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் ஈராண்டு காலம் ஊசி போட்டுக்கொண்டிருந்தாராம். “ஆண்மையை வளர்க்கும் மருந்து என்றுதானே ஐயா சொன்னார்கள்” என்றார். சொன்னவர்கள் பாதியைச் சொன்னார்கள். மறுபாதியைச் சொல்லியிருக்க வேண்டியவன், ஏட்டைப் புரட்டிய யான். ஊசியை நிறுத்தி ஓராண்டுக்கு மேலான பிறகு அவருக்கு விந்தணுக்கள் திரும்பின. எல்லார்க்கும் அவ்வாறு திரும்புமென உறுதி கூற இயலாது.

நோயால் லீடிக் உயிரணுக்கள் உண்மையிலேயே நலிந்தவர்க்கு மருத்துவர் அளந்து தரும் ஹார்மோன் நன்மருந்து. ஆயினும் அதனால் விந்தணு வளராது. ஆகவே ஆராய்ச்சியாளர் வேறு வழி தேடுகின்றனர். ஒரு வேதிப்பொருளால் எலியின் லீடிக் உயிரணுக்களை முற்றும் அழித்தாலும், சில வாரங்களில் அவை மீண்டும் தோன்றுகின்றன. அவற்றைப் பிறப்பிக்கும் தாய் உயிரணுக்கள் விந்தகத்திலேயே மறைந்துள்ளன. அவற்றை வளர்த்து மீண்டும் உடலில் பதிக்கும் முயற்சி விலங்குகளில் நடைபெறுகிறது. மனிதருக்குரிய மருத்துவமாக இன்னும் வரவில்லை. ஊசி மருந்து மூளையின் ஏவலை அறியாது. பதித்த உயிரணுவோ அதற்குச் செவிசாய்க்கும் என்பதே இவர்கள் எதிர்பார்ப்பு. பெர்த்தோல்டு சேவலின் வயிற்றில் ஒரு முழு விந்தகத்தைக் கொண்டு செய்ததை, இவர்கள் கண்ணுக்குப் புலனாகாத உயிரணுவைக் கொண்டு செய்ய முயல்கின்றனர்.