மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாதா?

மருந்தும் கணக்கும் – 9

1988 ஆகஸ்டில் வந்த ‘லான்செட்’ மருத்துவ இதழ் ஒன்றில் ராசி பலன் இருக்கிறது. துணுக்குப் பக்கத்தில் அல்ல. மாரடைப்புச் சிகிச்சையையே மாற்றிப் போட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைக்குள். மிதுனம், துலாம் ஆகிய இரண்டு ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரின் கேட்கவில்லை, கொஞ்சம் கெடுதல் செய்தது போலக்கூடத் தெரிகிறது. மற்றப் பத்து ராசிகளுக்கும் அமோகம். இதை எழுதியவர்கள் ஜோசியர்கள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆய்வை நடத்தியவர்கள்.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பக்கமாகப் பிரிப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று போன வாரம் பார்த்தோம். அப்படி ஒழுங்காகக் குலுக்கி, ஒழுங்காக எண்ணி முடித்த பிறகும் ஒரு ஆய்வைக் கெடுக்க முடியும். கட்டுரை எழுத உட்காரும்போது கெடுக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த ராசிக் கதை.

ஐசிஸ்-2 என்பது அந்த ஆய்வின் பெயர். 1985 முதல் 1987 வரை, 16 நாடுகளில் 417 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்த 17,187 பேர். பாதிப் பேருக்கு ஒரு மாதம் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின்; மீதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் வெறும் மாத்திரை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் இதே ஆய்வில் இன்னொரு குலுக்கல் போட்டுச் சோதித்தார்கள், அதுவும் ஜெயித்தது. நமக்கு இப்போது ஆஸ்பிரின் போதும். ஐந்து வாரம் கழித்து எண்ணியபோது, பக்கத்துக்கு ஏறத்தாழ 8,600 பேரில் ஆஸ்பிரின் பக்கம் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 804. வெறும் மாத்திரைப் பக்கம் 1,016. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் 24 உயிர் மிச்சம். ஒரு மாத மாத்திரைக்கு ஆகும் காசில் இன்று ஒரு வேளை டிபன் சாப்பிட முடியாது. இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிரைக் காப்பாற்றிய மருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கட்டுரை ‘லான்செட்’டுக்குப் போனது. இதழ்த் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது: மொத்தக் கணக்கு சரி, எந்தெந்த வகை நோயாளிக்கு எவ்வளவு பலன் என்று பிரித்துக் காட்டக் கூடாதா? வயதானவர், இளையவர், சர்க்கரை உள்ளவர், இல்லாதவர், சீக்கிரம் வந்தவர், தாமதமாக வந்தவர். டாக்டர் பக்கத்திலிருந்து யோசித்தால் நியாயமான கேள்விதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் 17,187 பேரின் சராசரி அல்லவே!

ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான புள்ளியியல் நிபுணர் ரிச்சர்ட் பீட்டோவுக்கு இந்தக் கேள்வியில் உள்ள வில்லங்கம் தெரியும். பிரித்துத் தருகிறோம், ஆனால் ராசி வாரியாகப் பிரித்ததையும் சேர்த்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். பிறந்த தேதி கையில் இருந்தது. ராசி கணிக்க வேறென்ன வேண்டும்?

பிரித்துப் பார்த்தால், மிதுனமும் துலாமும் சேர்ந்து ஆஸ்பிரின் பக்கம் 150 மரணம் (11.1 சதவீதம்), வெறும் மாத்திரைப் பக்கம் 147 (10.2 சதவீதம்). மற்றப் பத்து ராசிகளில் ஆஸ்பிரின் பக்கம் 654 (9.0 சதவீதம்), எதிர்ப்பக்கம் 869 (12.1 சதவீதம்). கூட்டிப் பாருங்கள்: 150, 654 சேர்ந்தால் அதே 804தான். ஒரு எண்கூடப் பொய் இல்லை.

நம் ஊர் ஜோசியர் இதற்குச் சொல்லும் முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும்: அவர்கள் பார்த்தது சூரியனை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி, நமக்குச் சந்திரன் நின்ற இடமல்லவா ராசி? பஞ்சாங்கப்படி பிரித்திருந்தாலும் இரண்டு ராசி மாட்டியிருக்கும், வேறு இரண்டாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டி, தலை எத்தனை, பூ எத்தனை என்று ஒரு வரியில் எழுதுங்கள். இப்படி ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரி. அவற்றில் ஒரு வரியிலாவது தலையோ பூவோ எட்டுக்குக் குறையாமல் விழுவதற்கு நாலில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. அந்த வரிக்கு எதிரே ‘கும்பம்’ என்று எழுதியிருந்தால், கும்ப ராசிக்கு இந்த நாணயம் ராசியானது என்று சொல்லிவிடலாம். நாணயத்தில் கோளாறு இல்லை. நாம் பன்னிரண்டு துண்டு போட்டதுதான் கோளாறு.

ராசி என்றதும் சிரிக்கிறோம். அதே எண்களுக்கு மேலே ‘சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவர்’ என்று தலைப்புப் போட்டிருந்தால்? யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மை, சிறுநீரகத்தின் நிலை என்று பத்து நிமிஷத்தில் ஒரு விளக்கம் தயாராகியிருக்கும். மாநாட்டில் அதற்குக் கைதட்டலும் கிடைத்திருக்கும். பீட்டோ ராசியைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள சாமர்த்தியம் இங்கேதான். எந்த டாக்டராலும் விளக்கம் கண்டுபிடிக்க முடியாத ஒரு பிரிவு அவருக்கு வேண்டியிருந்தது.

விளக்கம் சுலபமாகக் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆஸ்பிரினே சாட்சி. கனடாவில் நடந்து 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கை கால் சற்று நேரம் மரத்துப்போய், பேச்சு குளறி, பிறகு சரியாகிவிடும் ‘மினி ஸ்ட்ரோக்’ வந்த 585 பேர். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதமும் மரணமும் குறைந்தன. பிரித்துப் பார்த்தார்கள்: ஆண்களுக்கு நன்றாகக் கேட்டது, பெண்களிடம் பலன் தெரியவில்லை. சேர்ந்திருந்த பெண்களோ ஆண்களைவிட வெகு குறைவு. ‘தெரியவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தை யாரும் அளக்கவில்லை. ஹார்மோன் என்று ஒரு விளக்கம் எப்போதும் கைவசம் இருக்கிறதே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1980இல் இந்த உபயோகத்துக்கு ஆண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதில் பெண்களுக்கும் அதே அளவு பலன் என்று தெளிந்தது. அங்கே மருந்துச் சீட்டில் பெண்கள் இடம்பெற 1998 ஆயிற்று. நடுவில் பதினெட்டு வருஷம். மிதுன ராசிக்காரர்கள் யாருக்கும் அந்தக் கதி நேரவில்லை.

பிரித்துப் பார்ப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. சில மருந்துகள் சிலருக்கு மட்டும் வேலை செய்வது நிஜம். என் புகார் வேறு. கட்டுரையில் ஒரு துண்டு மட்டும் நம் முன்னால் வைக்கப்படுகிறது. அடுக்களையில் எத்தனை துண்டு நறுக்கினார்கள், எத்தனையைக் குப்பையில் போட்டார்கள் என்பது தெரிவதில்லை. இரண்டு துண்டில் ஒன்று ருசித்தால் அது செய்தி. நாற்பதில் ஒன்று ருசித்தால் அது நாம் சுண்டிய நாணயம்.

இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. ஒன்று, ‘கன்சார்ட்’ என்ற பட்டியல். 1996இல் தொடங்கிப் பலமுறை திருத்தியது. குலுக்கல் ஆய்வை எழுதுகிறவர் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். அதன் 2010 பதிப்பில் இருந்த 25 கேள்விகளில் ஒன்று நம் விஷயம்தான்: பிரித்துப் பார்த்ததில் முன்கூட்டியே திட்டமிட்டது எது, பிறகு தோன்றியது எது? இன்னொன்று பதிவேடு. முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே எதை அளக்கப் போகிறோம் என்று பொதுவில் எழுதி வைத்துவிட வேண்டும். இந்தியாவில் இந்தப் பதிவேடு 2007இல் வந்தது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து படிக்கலாம். கட்டுரையை ஒரு கையிலும் பதிவை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. சில சமயம் துப்பறியும் கதையைவிட நன்றாக இருக்கும்.

யோக்கியமான இன்னொரு வழியும் உண்டு. அந்தத் துண்டு நிஜம்தானா என்று சந்தேகம் வந்தால், அதற்கென்றே ஒரு ஆய்வு நடத்திவிடுவது. பல வீடுகளில் பி.பி.க்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையை, இதயம் மிகவும் பலவீனமான 1,153 பேரிடம் சோதித்த ‘ப்ரெய்ஸ்’ ஆய்வு 1996இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் உறுதியான பலன் இல்லை. ரத்தக் குழாய் அடைப்பு இல்லாமலே இதயம் பலவீனப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் மரணம் 46 சதவீதம் குறைவு! (இதைப் படித்துவிட்டு பி.பி. மாத்திரையில் கை வைக்காதீர்கள். அது வேறு கணக்கு.) அந்த வகை நோயாளிகள் 1,654 பேரை மட்டும் சேர்த்து இரண்டாவது ஆய்வு நடத்தினார்கள். 46 சதவீதம் காணாமல் போயிருந்தது.

செய்ய வேண்டியதைச் செய்தார்கள் என்று பாராட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டாவது ஆய்வின் முடிவு மாநாட்டு மேடையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது 2000இல். முழுக் கட்டுரையாக அச்சில் வந்தது 2013இல். இடையிலே அது எந்த மேஜை டிராயரில் இருந்தது, அப்படி டிராயரிலேயே தங்கிவிட்ட ஆய்வுகள் எத்தனை? அடுத்த வாரம் அந்த டிராயரைத் திறப்போம்.

(தொடரும்)