இன்னொரு அடி அடிச்சா மயங்கிரும், மாமா

விடுமுறைக்குச் சுருளிப்பட்டி வந்திருக்கும் என் அக்கா மகன் கையில் எந்நேரமும் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி இருக்கிறது. "எப்பப் பாரு சண்டை" என்று எங்கள் அம்மா சத்தம் போடுகிறார். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்த மாலைகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சண்டை உண்டு, உண்மைதான். ஆனால் அதில் ஜெயிக்கக் கை வேகம் வேண்டியதில்லை; எதிரில் நிற்பது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

அவன் ஆடுவது 2022 நவம்பரில் வந்த போக்கிமான் ஸ்கார்லெட். தொடக்கத்தில் புல், நெருப்பு, நீர் என்று மூன்று போக்கிமான் குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதைக் கூட்டிக்கொண்டு காடுமேடு சுற்றினால் மற்ற போக்கிமான்கள் எதிர்ப்படும்; அவற்றோடு சண்டையிட்டுப் பிடிக்க வேண்டும். நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று மாறி மாறி அடிக்க வேண்டும். நம் முறை வரும்போது எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு வித்தைகள்தான். கூட வருவது ஆறுதான். ஜிம் எனும் சண்டைக் களங்களின் எட்டுத் தலைவர்களை வெல்வது பெரிய வேலைகளில் ஒன்று.

ஒருநாள் நான் அவசரப்பட்டு, "போடுடா இன்னொரு அடி" என்றேன். "வேணாம் மாமா, மயங்கிரும். மயங்கிட்டா பிடிக்க முடியாது" என்றான். விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. எதிரியின் பலத்தைக் குறைக்க வேண்டும், வீழ்த்திவிடக் கூடாது. தூங்க வைத்தாலோ மரத்துப்போக வைத்தாலோ இன்னும் எளிது. பிறகு பிடிக்கும் பந்தை எறிந்தால் அதற்குள் போய்விடும்; சில நேரம் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வகைகள் மொத்தம் 18. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். பொருத்தமான அடி இரண்டு மடங்காக விழும், பொருந்தாதது பாதியாகும். மண் வகையிடம் மின்சாரம் செல்லவே செல்லாது. மேஜிகார்ப் என்றொரு மீன் உண்டு. முதலில் துள்ளுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. பொறுமையாக 20-ஆம் நிலை வரை வளர்த்தால் கியாரடோஸ் என்ற பெரும் பாம்பாக மாறுகிறது. நீர், பறத்தல் என்று அதற்கு இரண்டு வகை. இரண்டுக்கும் மின்சாரம் ஆகாது என்பதால் மின்னல் அடி நான்கு மடங்காக இறங்கும். பதினொரு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கை நொடியில் போடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

போக்கிமானைத் தொடங்கியவர் சதோஷி தஜிரி. 1965-இல் பிறந்தவர், டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். ஊர் நகரமாக மாறியபோது குளங்களும் வயல்களும் போயின. பிற்காலப் பிள்ளைகளுக்கும் அந்தப் பூச்சி பிடிக்கும் சுகம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். கேம் பாய் கருவிகள் இரண்டை இணைக்கும் கம்பியைப் பார்த்ததும் அதன் வழியே பூச்சி ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். முதல் விளையாட்டு 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. சிவப்பில் கிடைக்கும் சில போக்கிமான்கள் பச்சையில் கிடையாது. பச்சையில் உள்ள சில சிவப்பில் கிடையாது. கடாப்ரா என்ற போக்கிமான் இன்னொருவர் கைக்கு மாற்றினால்தான் அடுத்த உருவமே எடுக்கும். தனியாக உட்கார்ந்து ஆடினால் எல்லாவற்றையும் சேர்க்கவே முடியாதபடி செய்திருக்கிறார்கள்.

நாங்களும் தீப்பெட்டியில் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்கள்தான். பொன்வண்டைக் கொடுத்துப் பம்பரம் வாங்கியிருக்கிறோம். அதனால் மாற்றிக்கொள்வதில் உள்ள சந்தோஷம் எனக்குப் புரிகிறது. கைபேசியில் ஆடும் போக்கிமான் கோ 2016 டிசம்பரில் ஜியோவுடன் சேர்ந்து இந்தியாவுக்கு முறையாக வந்தது. நடந்து பிடிக்கும் அந்த விளையாட்டில் பந்து கிடைக்கும் நிறுத்தங்கள் நகரத்தில் நெருக்கம், கிராமத்தில் அரிது. கிராமத்துப் பிள்ளைக்கு அது நியாயமில்லை. ஸ்விட்சில் அந்தக் குறை இல்லை. இரண்டு கருவிகள் பக்கத்தில் இருந்தால் இணையம் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்கார்லெட்டில் லார்விட்டார் என்ற போக்கிமான் உண்டு, பேகன் என்பது கிடையாது. அதன் இணைப் பதிப்பான வயலட்டில் பேகன் உண்டு, லார்விட்டார் கிடையாது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால், அவனுடைய சேக்காளியிடம் எது இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு மற்றதை வாங்குங்கள்.