நீதிபதிகளின் தக்கவைப்புத் தேர்தல்

தக்கவைப்புத் தேர்தல் என்பது, பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி அப்பதவியில் தொடரலாமா என்று வாக்காளர்களிடம் கேட்கும் தேர்தல் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது நடைமுறையில் உள்ளது. இதில் எதிர் வேட்பாளர் கிடையாது. நீதிபதியின் பெயருக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே வாக்களிக்க முடியும். கூட்டாட்சி உச்சநீதிமன்ற நீதிபதிகளுக்குப் பதவிக்கால வரம்பு இல்லாததால் இத்தேர்தல் அவர்களுக்குப் பொருந்தாது.

தோற்றம்

முன்பு பல மாநிலங்களில் நீதிபதிகளும் கட்சி வேட்பாளர்களாகப் போட்டியிட்டே பதவிக்கு வந்தனர். இதனால் நீதிமன்றங்கள் கட்சித் தலைவர்களின் பிடிக்குள் சென்றன. மிசோரி மாநிலத்தில், கன்சாஸ் நகரின் அரசியல் தலைவர் டாம் பெண்டர்காஸ்ட்டின் செல்வாக்கு இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 1940-இல் அம்மாநில மக்கள் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை ஏற்று முறையை மாற்றினர். அதன்படி, ஒரு குழு மூவரைப் பரிந்துரைக்கும். ஆளுநர் அவர்களுள் ஒருவரை நியமிப்பார். குறைந்தது ஓராண்டு பணியாற்றிய பின் வரும் பொதுத்தேர்தலில் அவர் மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். இது 'மிசோரித் திட்டம்' எனப்படுகிறது. கலிபோர்னியா 1934-இலேயே மேல்நிலை நீதிமன்றங்களுக்குத் தக்கவைப்புத் தேர்தலைக் கொண்டுவந்திருந்தது.

எவ்வளவு வாக்குகள் தேவை?

பெரும்பாலான மாநிலங்களில் 'ஆம்' வாக்குகள் பாதியைத் தாண்டினால் போதும். நியூ மெக்சிகோவில் 57 விழுக்காடும், இல்லினாயில் 60 விழுக்காடும் தேவை. 2020-இல் இல்லினாய் உச்சநீதிமன்ற நீதிபதி தாமஸ் கில்பிரைட், பாதிக்கும் மேற்பட்டோர் 'ஆம்' என்று வாக்களித்தும், 60 விழுக்காட்டை எட்டாததால் பதவி இழந்தார்.

வாக்காளர் எதைப் பார்க்க வேண்டும்?

நீதிபதிகளின் பெயர்களே பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே வாக்குச்சீட்டின் இப்பகுதியை நிரப்பாமல் விட்டுவிடுவோர் பலர். வெற்றிடம் எந்தப் பக்கமும் எண்ணப்படாது. முடிவு மற்றவர்கள் கைக்குப் போகும்.

இக்குறையைப் போக்கச் சில மாநிலங்கள் மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகின்றன. அலாஸ்காவில் வழக்கறிஞர்கள், காவலர்கள், நடுவர் குழுவில் அமர்ந்த பொதுமக்கள், நீதிமன்றப் பணியாளர்கள் ஆகியோரிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. கொலராடோவில் வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் 'நீலப் புத்தகம்' நீதிபதிகளைப் பற்றிய மதிப்பீட்டையும் தருகிறது. அறிக்கையைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்:

1. சட்ட அறிவு போதுமானதா? தீர்ப்பின் காரணங்களைத் தெளிவாக எழுதுகிறாரா?
2. ஏழை, பணக்காரர், அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு என்று பாராமல் நடத்துகிறாரா?
3. பொறுமையுடன் செவிமடுக்கிறாரா? வழக்குகளைக் காலம் தாழ்த்தாமல் முடிக்கிறாரா?
4. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகியிருக்கிறாரா?

ஒரே தீர்ப்பால் பதவி இழந்தவர்கள்

2009-இல் அயோவா உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஒருபால் திருமணத்தை அனுமதித்தனர். அடுத்த ஆண்டு தேர்தலைச் சந்தித்த மூவர், தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ் உட்பட, தோற்கடிக்கப்பட்டனர். ஆயினும் தீர்ப்பு மாறவில்லை. அதே தீர்ப்பில் பங்கேற்ற டேவிட் விகின்ஸ் 2012-இல் தக்கவைக்கப்பட்டார். ஒரே தீர்ப்பை வழங்கியவர்களுக்கு வெவ்வேறு முடிவு கிடைத்தது.

கலிபோர்னியாவில் நடந்தது சற்று வேறானது. தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் தம்முன் வந்த மரண தண்டனை வழக்குகள் அனைத்திலும் தண்டனையை நீக்கவே வாக்களித்தார். 1986-இல் அவரும் வேறு இரு நீதிபதிகளும் பதவி இழந்தனர். ஒரு நீதிபதி சட்டத்தைப் பொருட்படுத்தாமல் தம் விருப்பத்தையே தீர்ப்பாக்குகிறார் என்று வாக்காளர் கருதினால், அதற்குத் தடையாக நிற்பது இத்தேர்தல்தான் என்பர் இதை ஆதரிப்போர். மக்களின் கோபத்துக்கு அஞ்சும் நீதிபதி, சிறுபான்மையினருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிய உரிமையை எப்படிக் காப்பார் என்பது எதிர்ப்போரின் கேள்வி.

இரண்டிலும் நியாயம் உண்டு. பிடிக்காத தீர்ப்பு ஒன்று இருந்தால், வாக்காளர் முதலில் அத்தீர்ப்பைப் படித்துப் பார்ப்பது நலம். சட்டமே அப்படி இருந்தால் மாற்ற வேண்டியது சட்டமன்றம், நீதிபதி அல்லர். காரணம் கூறாத, முன்னுக்குப்பின் முரணான தீர்ப்புகள் தொடர்ந்து வந்தால் அது நீதிபதியின் குறை. ஒரு வினாவுக்கு எழுதிய விடையை மட்டும் பார்த்து எந்த ஆசிரியரும் முழு விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுவதில்லை. நீதிபதியின் பல ஆண்டுப் பணிக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

'இல்லை' என்பவர் அடுத்த நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மிசோரித் திட்டத்தில், காலியாகும் இடத்துக்கு மீண்டும் குழு பரிந்துரைக்க, ஆளுநரே ஒருவரை நியமிப்பார்.