சிரிக்க வைக்கும் சுயசரிதைகள்

லேப் ரெக்கார்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்து போனவர்களுக்கு ஒரு நல்ல மருந்து சொல்கிறேன். பிரபலங்களின் சுயசரிதை ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். 'சத்திய சோதனை' மாதிரி உயர்ந்த புத்தகம் இதற்குச் சரிப்படாது. கொஞ்சம் அசட்டுத்தனமானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒருவர் சத்தமாக, முகத்தில் சிரிப்பே காட்டாமல் படிக்கட்டும். கேட்கிறவர் சிரிப்பை அடக்க முடிகிறதா என்று பார்க்கலாம்!

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் யூஜின் பாக், டேய்ல் ரேஃபெல் என்ற இருவர் 'செலிபிரிட்டி ஆட்டோபயாகிரபி' என்ற பெயரில் இதையே ஒரு மேடை நிகழ்ச்சியாக உருவாக்கினார்கள். நடிகர்கள் மேடையேறி, பிரபலங்கள் எழுதியதை எழுதியபடியே வாசிப்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. கேலி வசனம் ஒன்றுகூடச் சேர்ப்பதில்லை. இதற்கு 2009ல் நியூயார்க்கின் டிராமா டெஸ்க் விருதும் கிடைத்தது.

அதில் வாசிக்கப்பட்டவர்களில் வன்னா ஒயிட்டும் ஒருவர். 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற டி.வி. போட்டியில் எழுத்துப் பலகைகளைத் திருப்பிக் காட்டிப் புகழ் பெற்றவர். 1987ல் அவருடைய சுயசரிதை வந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பாடகர் எடி ஃபிஷர், நடிகை டெபி ரெனால்ட்ஸை விட்டு 1959ல் எலிசபெத் டெய்லரை மணந்தார். டெய்லரோ பிறகு இவரை விட்டு ரிச்சர்ட் பர்ட்டனை மணந்தார். டெபியும் புத்தகம் எழுதினார், ஃபிஷரும் எழுதினார். இவர்கள் எழுதியதை மாற்றி மாற்றி வாசித்தால் போதும், குடும்பச் சண்டையைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரிதான்!

ஏன் சிரிப்பு வருகிறது? ஜோக் சொல்கிறவன் சிரிக்க வைக்கப் பார்க்கிறான். இவர்கள் நம்மை வியக்க வைக்கப் பார்க்கிறார்கள். 'நான் ரொம்ப அடக்கமானவன்' என்று நாலு பக்கத்துக்கு ஒருவர் விளக்கினால் நாம் என்ன செய்வது? தாயார் இறந்த துக்கத்துக்கும் தலைமுடி அலங்காரத்துக்கும் ஒரே அளவு பக்கம் ஒதுக்குவார்கள். காட்ட நினைப்பது ஒன்று, வெளியே தெரிவது வேறொன்று. அந்த இடைவெளியில்தான் நமக்குச் சிரிப்பு.

பல புத்தகங்களை அவர்களே எழுதுவதும் இல்லை. கோஸ்ட் ரைட்டர் என்று ஒருவர் பின்னால் இருந்து எழுதிக் கொடுப்பார். கூடைப்பந்து வீரர் சார்ல்ஸ் பார்க்லி 1990களின் தொடக்கத்தில், தன் சுயசரிதையிலேயே தன் பேச்சைத் தவறாகப் போட்டு விட்டார்கள் என்று சொன்னாரே, இதற்கு மேல் என்ன வேண்டும்! இந்த வகையைக் கிண்டல் செய்து பாட்ரிக் டென்னிஸ் 1961லேயே 'லிட்டில் மீ' என்று இல்லாத ஒரு நடிகையின் சுயசரிதையை எழுதினார். அது நல்ல நகைச்சுவைதான். ஆனாலும் அசலுக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

ஒரு புத்தகத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு நின்று போனது. நடிகை ஜோன் க்ராஃபோர்டு 1971ல் 'மை வே ஆஃப் லைஃப்' என்று எழுதினார். வீட்டை எப்படி வைத்துக் கொள்வது, கணவனை எப்படிக் கவனிப்பது, எப்படி உடுத்துவது என்று ஒரே உபதேசம். ஹாஸ்டல் அறையில் சத்தமாகப் படிக்க இதைவிடத் தோதான புத்தகம் கிடைக்காது. அவர் 1977ல் காலமானார். அடுத்த வருஷமே வளர்ப்பு மகள் கிறிஸ்டினா, அம்மா தன்னை எப்படியெல்லாம் கொடுமைப்படுத்தினார் என்று 'மம்மி டியரஸ்ட்' எழுதினார். அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்த மகள்களும் உண்டு. யார் சொல்வது உண்மையோ, அதற்குப் பிறகு அம்மாவின் புத்தகத்தில் வருகிற அந்தப் பளிச்சென்ற வீட்டை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருந்ததே என்று தோன்றிவிடுகிறது.

போன மாதம் இன்டர்வியூவுக்காக நான் பயோடேட்டா தயாரித்தேன். 'கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவன், எந்தச் சூழ்நிலையிலும் நிதானம் இழக்காதவன்' என்று அழகாக எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். ரூம்மேட் அதை எடுத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், மெஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி படித்தான் பாருங்கள்! நிதானம் இழந்து, அவனைத் துரத்திக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் ஓடினேன்.