ஐந்தாம் சிம்பொனியும் ஒரு முறுக்கு அச்சும்

ஒரே அரிசி, ஒரே உளுந்து. பாதியை ஆட்டுக்கல்லில் அரையுங்கள், மீதியை மிக்ஸியில் அரையுங்கள். இரண்டையும் ஒரே பானையில் இட்லியாக ஊற்றி, ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுங்கள். வீட்டில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே எது எந்த மாவு என்று சொல்லிவிடுவார்கள்.

மேற்கத்திய சிம்பொனிகளின் இசைப்பதிவுகளிலும் இதே கதைதான். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். மூன்று குட்டைத் தட்டு, ஒரு நீளத் தட்டு என்று தொடங்கும் அந்த இசையை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இசை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு 1962இல் பதிவு செய்த ஐந்தாம் சிம்பொனி ஒன்று. இன்னொரு நடத்துநர் ஜான் எலியட் கார்டினர், பீத்தோவன் காலத்துக் கருவிகளை வாசிக்கும் தம் குழுவோடு பதிவு செய்து 1994இல் வெளியிட்டது இன்னொன்று. அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஒரே படைப்புதானா என்று சந்தேகம் வரும்.

சிம்பொனி என்பது பெரிய இசைக்குழுவுக்காக எழுதப்பட்ட, பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட இசை. எந்தக் கருவி எப்போது எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்பது முழுவதும் தாளில் எழுதியிருக்கும். ஆக, அது ஒரு சமையல் குறிப்பு. குறிப்பு மாறவில்லை, பாத்திரங்கள்தான் மாறியிருக்கின்றன. வாருங்கள், சமையலறைக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில், அளக்கும் படி

சமைக்கும் முன் அளக்க வேண்டும். லிட்டரும் கிலோவும் வருவதற்கு முன் ஊருக்கு ஊர் படியின் அளவு மாறியது. ஓர் ஊரின் ஒரு படி அரிசி, அடுத்த ஊரில் ஒரு கை கூடவோ குறையவோ இருக்கும்.

இசையில் படி என்பது சுருதி. இன்று உலகம் முழுவதும் இசைக்குழுக்கள் ஒரு குறிப்பிட்ட சுரத்தை நொடிக்கு 440 அதிர்வுகள் என்றோ அதை ஒட்டியோ வைத்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து அளக்கின்றன. 440 என்பது 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு. பீத்தோவன் காலத்தில் அப்படி ஒரு பொது அளவு கிடையாது. அக்காலக் கருவிக் குழுக்கள் அவருடைய இசைக்குப் பெரும்பாலும் 430 என்று வைத்துக்கொள்கின்றன. நம் கணக்கில் சொன்னால், இந்த வித்தியாசம் ‘ச’வுக்கும் சுத்த ‘ரி’க்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் தந்தியின் இறுக்கம் அந்த அளவுக்குத் தளர்கிறது. அதனால் முழுக் குழுவின் ஒலியிலும் ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

அடுத்து, மண்சட்டியும் எவர்சில்வரும்

இசைக்குழுவில் அதிகம் பேர் வயலின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே சமையலின் பெரிய பாத்திரம் இதுதான்.

ஐந்தாம் சிம்பொனி முதலில் ஒலித்த 1808இல் வயலினுக்குத் தந்தி, ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்தது. தடித்த தந்திகளின் மேல் மட்டும் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றினார்கள். முதல் உலகப் போரை ஒட்டி, மேல்தந்தி எஃகாக மாறத் தொடங்கியது. பிறகு 1970இலிருந்து செயற்கை இழையின் மேல் உலோகம் சுற்றிய தந்திகள் பரவின.

மண்சட்டியில் மீன்குழம்பு வைத்தால் சட்டியின் வாசமும் குழம்பில் இறங்கும். குடல்தந்தியும் அப்படித்தான். வில் தந்தியைப் பற்றும் அந்தச் சிறு உரசல் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் கேட்கும். ஒலி சட்டென்று பிறந்து சட்டென்று அடங்கும். ஆனால் அதைப் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். அறை கொஞ்சம் சூடானால் சுருதி நகரும், அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

உலோகம் சுற்றிய தந்தி எவர்சில்வர் பாத்திரம் மாதிரி. பளபளப்பு, வலு, எந்த அடுப்பிலும் தாங்கும். இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் ஒலி போய்ச் சேரும். பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி 1804இல் வியன்னாவில் லோப்கோவிட்ஸ் இளவரசரின் மாளிகைக் கூடத்தில்தான் முதலில் ஒலித்தது. வாசித்தவர்கள் சுமார் முப்பது பேர். அந்தக் கூடத்துக்கு மண்சட்டி போதும். பெரிய அரங்கு வந்த பிறகு பெரிய பாத்திரம் தேவைப்பட்டது.

பிறகு, நெய்

வயலின் வாசிப்பவர் இடது கைவிரலைத் தந்தியின் மேல் மெல்ல ஆட்டினால் சுரம் லேசாக நடுங்கி இனிக்கும். இதை வைப்ரேட்டோ என்பார்கள். இது நெய் மாதிரி. பொங்கலுக்கு ஊற்றலாம், பருப்புக்கு ஊற்றலாம். ரசம், கூட்டு, மோர் என்று எல்லாவற்றிலும் ஊற்றினால் எதுவும் தன் சுவையில் இருக்காது.

பழைய வாசிப்பில் நெய்யைத் தேவையான இடத்தில் மட்டும் விட்டார்கள். மொஸார்ட்டின் தந்தை லியோபோல்ட் மொஸார்ட் 1756இல் எழுதிய வயலின் பாடநூலிலேயே, எல்லாச் சுரத்தையும் நடுங்கவைப்பவர்களைக் கண்டித்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டில்தான் இடைவிடாத வைப்ரேட்டோ வழக்கமானது. ஆகவே கராயனின் வயலின்கள் பட்டுப்போல் மினுங்குகின்றன. கார்டினரின் வயலின்கள் நேராக, சுத்தமாக ஒரு கோடு இழுக்கின்றன. அந்தச் சுத்தத்தில் இரண்டு சுரங்கள் மோதும் இடமெல்லாம் பச்சை மிளகாய்போல் உறைக்கும்.

இப்போது முறுக்கு அச்சு

அடுத்த கருவியில்தான் இந்த விஷயத்தின் உயிரே இருக்கிறது. அது ஹார்ன்.

ஹார்ன் என்பது சுருட்டி வைத்த நீளமான பித்தளைக் குழாய். பீத்தோவன் காலத்து ஹார்னில் துளை இல்லை, சாவி இல்லை, வால்வு இல்லை. உதட்டின் இறுக்கத்தை மாற்றி மாற்றி ஊதினால், குழாயின் நீளத்துக்கு உரிய சில சுரங்கள் மட்டும் கிடைக்கும். மற்ற சுரங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குழாயோடு வேறு நீளமுள்ள ஒரு வளையத்தைச் செருகி மொத்த நீளத்தையே மாற்றுவது. இன்னொன்று, குழாயின் விரிந்த வாய்க்குள் கையை நுழைத்துக் கொஞ்சம் அடைப்பது. கையால் அடைத்தால் சுரம் மாறும், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதுபோல் ஒலி மங்கும்.

முறுக்கு பிழியும் உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்த அச்சைப் போட்டீர்களோ அந்த வடிவம்தான் வரும். முள்ளுமுறுக்கு அச்சைப் போட்டுவிட்டு ஓமப்பொடி பிழிய முடியாது. மாவை வழித்து, அச்சைக் கழற்றி, வேறு அச்சைப் போட வேண்டும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது அதற்கு நேரம் ஏது?

ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியில் பீத்தோவனுக்கு இதே சிக்கல் வந்தது. தொடக்கப் புயல் ஓய்ந்ததும், முதல் நிமிடம் முடிவதற்குள், இரண்டு ஹார்ன்கள் கம்பீரமாக ஓர் அழைப்பை ஊதும். அதற்கேற்ற வளையம் ஏற்கெனவே செருகியிருக்கும். எல்லாச் சுரங்களும் கையடைப்பே இல்லாமல் திறந்த குரலில் வரும்.

இந்த வகை இசையில் முதலில் சொன்னதைப் பிற்பாதியில் திரும்பச் சொல்வது மரபு. ஆனால் திரும்ப வரும்போது அந்த அழைப்பு வேறு ஆதார சுரத்துக்கு மாறியிருக்கும். பழைய அச்சில் அந்த வடிவம் வராது. கையால் அடைத்து வரவழைத்தால் கம்பீரம் போய்விடும். ஆகவே பீத்தோவன் அந்த இடத்தை பஸூன் என்ற கருவியிடம் கொடுத்தார். அது கரகரத்த கீழ்க்குரல் கொண்ட ஒரு மரக் குழல்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து வால்வு வந்தது. ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1818இல் காப்புரிமை பெற்றார்கள். ஒரே உழக்குக்குள் எல்லா அச்சும் அடங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் வேண்டிய சுரம் வரும். அதனால் 20ஆம் நூற்றாண்டின் பல இசை நடத்துநர்கள், அந்த இடத்தை மறுபடி ஹார்னுக்கே கொடுத்தார்கள். வால்வு இருந்திருந்தால் பீத்தோவனும் அதைத்தான் செய்திருப்பார் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். இன்றைய பெரிய குழுவில் தந்திக் கருவிகள் மட்டுமே ஐம்பது, அறுபது இருக்கும். அவ்வளவுக்கு நடுவே இரண்டு பஸூன்கள் ஊதினால் மெலிவாகத்தான் கேட்கும். ஆகவே திருத்தம் தேவைப்படுகிறது. அக்காலக் கருவிப் பதிவில் தந்திகள் மெல்லியவை, எண்ணிக்கையும் குறைவு. அங்கே பஸூனின் கரகரப்பு அழகாக மேலே வரும், திருத்தமே தேவைப்படாது. பாத்திரங்கள் எல்லாம் ஒரு செட். ஒன்றை மாற்றினால் இன்னொன்றின் அளவையும் மாற்ற வேண்டிவரும். நான் சொல்ல நினைத்ததே இதுதான்.

அதோடு, தாளிப்பு

டிம்பனி என்பது செம்புச் சட்டியின் மேல் தோல் கட்டிய முரசு. அன்று கன்றுத்தோல், சிறிய சட்டி, கடினமான குச்சி. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் பரப்பு, பெரிய சட்டி, பஞ்சுபோன்ற உறை போட்ட குச்சி.

பழையது, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி. பட்டென்று வெடித்து அடங்கும், அடுத்த ஒலிக்கு இடம் விடும். புதியது, குழம்பு அடியில் தளதளவென்று கொதிப்பது மாதிரி. உருண்டு பரவி எல்லாவற்றையும் தாங்கும்.

இப்போது அவியலும் பந்தியும்

இதுவரை பார்த்ததை ஒன்றாகச் சேர்ப்போம். மரக்குழல்கள், பித்தளை, முரசு, தந்திகள் எல்லாம் சேரும்போது அக்காலக் கருவிக் குழு அவியல் மாதிரி கேட்கும். சேனை தனி, வாழைக்காய் தனி, முருங்கைக்காய் தனி. இன்றைய பெரிய குழு நன்றாகக் கொதித்துச் சேர்ந்த சாம்பார். காய்களின் சாறெல்லாம் ஒன்றாகி ஒரே மணமாக எழும்.

பிறகு, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அன்று முதல் வயலின்கள் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் வலப்பக்கமும் எதிரெதிராக உட்காருவது வழக்கம், பந்தியில் எதிரெதிர் இலை போட்டதுபோல. ஒருவர் கேட்க, எதிர்வரிசை பதில் சொல்லும். 20ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே பக்கம் சேர்த்து உட்கார வைத்தார்கள். கூட்டாக வாசிப்பது எளிதானது, ஆனால் கேள்வியும் பதிலும் ஒரே திசையிலிருந்து வரத் தொடங்கின. ஹெட்போனில் கேட்டால் இந்த வித்தியாசம் உடனே புரியும்.

கடைசியாக, தீ

மைசூர்பாகு கிண்டியவர்களுக்குத் தெரியும், தீயும் நேரமும் தவறினால் பொருள்கள் சரியாக இருந்தும் பலகாரம் தவறிவிடும். இசையில் தீ என்பது வேகம்.

மெல்ட்ஸெல் என்பவர் 1815இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக்காட்டும் கருவி அது. பீத்தோவன் 1817இல், அதுவரை எழுதியிருந்த தம் எட்டு சிம்பொனிகளுக்கும் அந்தக் கணக்கில் வேகங்களை அச்சிட்டார். ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதிக்கு அவர் தந்தது 108. அதாவது நிமிடத்துக்கு 108 கட்டங்கள், தாளில் கோடு போட்டுப் பிரித்த சம அளவுத் துண்டுகள். அந்தப் பகுதியில் 502 கட்டங்கள் இருக்கின்றன. முதல் 124 கட்டங்களை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். கூட்டி வகுத்தால் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நிறுத்தி நீட்டும் இடங்களையும் சேர்த்தால் ஆறைக் கொஞ்சம் தாண்டும்.

முடியவே முடியாத வேகம், மெட்ரோனோம் கெட்டுப்போயிருக்கும் என்றுகூட நீண்டகாலம் பேசினார்கள். காரணம் பாத்திரத்தில் இருக்கிறது. பெரிய குழு, பெரிய அரங்கு, நீண்டு ஒலிக்கும் தந்தி, உருளும் முரசு என்றால் அந்த வேகத்தில் ஒரு சுரத்தின் மேல் அடுத்தது ஏறி எல்லாம் குழைந்துவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்தார்கள். சட்டென்று அடங்கும் குடல்தந்தியும் கடுகுபோல் வெடிக்கும் முரசும் இருந்தால் 108 நிஜமாகவே நடக்கிறது. 1980களில் கிறிஸ்டஃபர் ஹாக்வுட், ரோஜர் நாரிங்டன் போன்ற நடத்துநர்கள் அதை வாசித்தே காட்டினார்கள்.

அப்படியானால் எது சரி?

அக்காலக் கருவிப் பதிவு பீத்தோவனின் ஊரிலிருந்து வந்த ஒலிப்படம் அல்ல. ஐந்தாம் சிம்பொனி முதலில் ஒலித்தது 1808 டிசம்பர் 22 அன்று, வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன் அரங்கில். கடும் குளிர், போதாத ஒத்திகை, நான்கு மணி நேரக் கச்சேரி. அதை யாரும் பதிவு செய்யவில்லை. பாட்டியின் மண்சட்டியை நாம் வாங்கலாம், பாட்டியின் கைப்பக்குவத்தை ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

இன்றைய கருவிகளும் குறைந்தவை அல்ல. பெர்லினில் ஒரு தேவாலயத்தில் பதிவான கராயனின் இசையில், மூன்றாம் பகுதியின் இருட்டிலிருந்து நான்காம் பகுதியின் வெளிச்சத்துக்குத் தந்திகள் பெருகி எழும் இடம் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். அந்தப் பெருக்கம் பெரிய பாத்திரத்துக்கு மட்டுமே வாய்க்கும்.

இரண்டையும் கலந்தவர்களும் உண்டு. நடத்துநர் நிகோலஸ் ஹார்னன்கூர்ட் 1990-91இல் இன்றைய கருவிகளோடு வால்வு இல்லாத பழைய டிரம்பெட்களைச் சேர்த்து ஒன்பது சிம்பொனிகளையும் பதிவு செய்தார். எவர்சில்வர் பாத்திரத்தில் மண்சட்டிப் பக்குவம் அது.

இனி நீங்களே சோதித்துப் பாருங்கள். ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியைப் போட்டு, முதல் நிமிடத்தில் வரும் ஹார்ன் அழைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். பாதிக்கு மேல் எல்லாக் கருவிகளும் நின்றுவிடும். ஓபோ என்ற குழல் மட்டும் தனியாக, சின்ன ஆலாபனைபோல் ஒரு வரி பாடும். அது முடிந்து சற்று நேரத்தில் அந்த அழைப்பு திரும்ப வரும்.

ஊதுவது பித்தளையா, மரமா? கேட்டு முடித்ததும் இன்னொரு பதிவைப் போட்டு அதே இடத்துக்கு வாருங்கள்.