மழைப் பாதையில் சில்லு வழுக்குவது ஏன்?

சகோதரிகளே, பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் புறப்படுவது நம் வழக்கம். கல்முனைப் பக்கத்திலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் 18 வளைவுப் பாதையில் ஏறுவார்கள். வண்டி நிறைய ஆட்கள். பின்பக்கம் நிறையப் பெட்டிகள். மழையும் பிடித்துக் கொள்கிறது. ஒரு வளைவில் எஞ்சின் பெரிதாக உறுமுகிறது, வண்டி நகரவில்லை. எஞ்சினில் பலமில்லை என்கிறார் ஒருவர். கிளச் போய்விட்டது என்கிறார் மற்றவர்.

இரண்டுக்கும் பெருஞ்செலவு. ஆனால் மழையில் மட்டும் இப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது டயரைத்தான். அதைப் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டியதில்லை. வண்டி ஓட்டத் தெரியாத பெண்ணும் வீட்டு முற்றத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.

ஏன் வழுக்குகிறது?

ஒரு டயர் பாதையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். இப்படி நான்கு உள்ளங்கைகளில்தான் உங்கள் குடும்பம் முழுவதும் நிற்கிறது. டயரிலுள்ள பள்ளக் கோடுகள் அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல. மழைநீரை ஒதுக்கிவிட்டு ரப்பர் பாதையைப் பிடிப்பதற்காக வெட்டப்பட்டவை. அவை தேய்ந்துவிட்டால் நீர் போக வழியின்றி டயருக்கும் பாதைக்கும் நடுவே நின்றுவிடும்.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை முன் சில்லுகளே இழுக்கின்றன. ஏற்றத்தில் பாரம் பின்னோக்கிச் சாய்வதால் முன் சில்லுகள் இலேசாகிவிடும். பின்னால் பெட்டிகளை அடுக்கினால் இன்னும் இலேசாகும். கூர்மையான வளைவில் உட்பக்கச் சில்லு மேலும் இலேசாகி, பிடிப்பின்றிச் சும்மா சுழலும். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து பாதை மிக மோசமாக வழுக்கும்.

சில்லா, கிளச்சா?

எஞ்சின் உறுமும்போது முன் சில்லு வேகமாகச் சுழன்றால் குறை பிடிப்பில் இருக்கிறது. சில்லு சுழலாமல் எஞ்சின் மட்டும் உறுமினால் கிளச்சைச் சந்தேகிக்கலாம். காய்ந்த, சமமான பாதையிலும் எஞ்சின் சத்தம் கூடி, வேகம் கூடாமல், கருகிய வாடையும் வந்தால் கிளச்சைச் சோதிக்கக் கொடுங்கள். புதிய வண்டிகளில் கார் சறுக்குவது போன்ற சிறு விளக்கு ஒன்று சாரதியின் முன்னால் உண்டு. அது மினுங்கினால் சில்லு வழுக்குகிறது, வண்டி அதைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். நிலையாக எரிந்தால் அந்தப் பாதுகாப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது பழுதடைந்திருக்கிறது.

டயரைப் பார்க்கும் முறை

முதலாவது, ஆழம். பள்ளக் கோடுகளின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மலைப்பாதைப் பயணம் உள்ளவர்கள் 3 மில்லிமீற்றர் இருக்கும்போதே மாற்றுவது நல்லது.

இரண்டாவது, தேய்ந்த விதம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகள் நேராக இல்லை. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்குமிங்கும் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபரைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே விதமாகத் தேயும்.

மூன்றாவது, காற்று. சரியான அளவு சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டில் இருக்கும். யப்பானிய வண்டிகளில் அது 220 என்பது போல் எழுதப்பட்டிருந்தால், நாம் கேட்கும் கணக்கில் சுமார் 32 இறாத்தல். வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் அளக்க வேண்டும்.

நான்காவது, வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பை இழந்துவிடும். பாவித்த வண்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பணம் இரண்டு டயருக்கு மட்டுமே போதுமென்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். இழுப்பது முன் சில்லுதானே என்று கேட்பீர்கள். முன் சில்லு வழுக்கினால் வண்டி தயங்கி நிற்கும், அல்லது நேராக நழுவும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் சில்லு வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதைத் திருப்பி எடுப்பது பழகிய சாரதிக்கும் கடினம். ஆனால் முன்னால் வரும் டயர்களும் தேய்ந்து முடிந்தவையாக இருக்கக்கூடாது.

வழியில் வழுக்கினால்

மேலும் மேலும் அக்ஸலேட்டரை மிதிப்பதால் பயனில்லை; சில்லு இன்னும் சுழலும். காலை எடுத்து, ஸ்டியரிங்கை இயன்றவரை நேராக்கி, இரண்டாவது கியரில் மெதுவாக முயல வேண்டும். முன் சில்லின் கீழே சாக்கு அல்லது மணல் போடலாம். போட்டவர் விலகிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். சில்லு அந்தச் சாக்கைப் பிடித்து எறிந்துவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். சில்லுக்குக் கல் வைக்கப் பிள்ளைகளை இறக்க வேண்டாம். ஏற்றத்தில் பின்னோக்கி நழுவும் வண்டிக்குப் பின்னால் யாருமே நிற்கக்கூடாது. இறங்கத்தான் வேண்டுமென்றால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியை விட்டுத் தள்ளிப் பாதையோரத்தில் நில்லுங்கள்.

பயணத்துக்கு முந்திய நாள் சாப்பாடு கட்டுவதையும் உடுப்பு அடுக்குவதையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். அதோடு பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு டயர்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குறை கண்டால், டயரை மாற்றிவிட்டுப் போவோம் என்று வீட்டில் சொல்லுங்கள். பயணம் ஒரு நாள் பிந்தினால் உறவினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.